கணக்கில் வராத அறை

"அங்கே யாருமே இல்லை. நாலு கிழவிகளும் பூனைகளும்தான்."

பல்கலைக்கழகத்து லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தபோது, வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கியிருந்த ஒருவர் இதைச் சொன்னார். அவர் யாரென்று நிறைமதிக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற பேராசிரியர் இரேனாவைத் தெரியும். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான். பேராசிரியர் சிரித்தார். பெரிய சிரிப்பில்லை, மூக்கு வழியாக வெளியே வந்து கழுத்துத்துணிக்குள் புகுந்துகொண்ட சின்னச் சிரிப்பு. மூலையில் பையை மார்போடு அணைத்தபடி நின்ற கறுத்த ஒல்லிப் பெண்ணுக்கு அந்த ஊர் மொழி இதற்குள் பழகியிருக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. லிஃப்டில் ஒரு பெண் நிற்கிறாள் என்றே தோன்றவில்லையோ என்னவோ.

'அங்கே' என்றால் பதினான்காம் கட்டடம். நிறைமதி குடியிருந்தது அங்கேதான்.

அன்று மாலை டிராமின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, சேற்றில் நடந்து வீடு சேர்ந்தாள். வீட்டுக்காரம்மா ஸ்லாவ்கா, "இன்னிக்கு என்ன சேதி?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல தெத்தா" என்றாள். அந்த மொழியில் தெத்தா என்றால் அத்தை. அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்குக் கற்றுக்கொள்ளாமலே வந்தது.

லிபோவ்னா என்ற அந்த நகரத்தை யாரோ தோசைக்கல்லில் மாவு ஊற்றுவதுபோல நடுவில் ஊற்றி வெளியே இழுத்துவிட்டிருந்தார்கள். நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாகவும் இருந்தது. நடுவே ராஜாக்கள் காலத்துக் கோட்டை, அதைச் சுற்றி வியாபாரிகள் கட்டிய மஞ்சள் வீடுகள், அதைச் சுற்றி ரயில்பாதை, ரயில்பாதைக்கு அப்பால் சிவப்புக்கொடி பறந்த காலத்தில் டிராக்டர் தொழிற்சாலைக்காரர்களுக்காகச் சோளக்காட்டில் நட்டுவைத்த பத்து மாடிக் கான்கிரீட் கட்டடங்கள். கொடி இறங்கியது, தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது, கட்டடங்கள் மட்டும் நின்றன. மற்றக் கட்டடங்களைக் குடியிருந்தவர்களே வாங்கிக்கொண்டார்கள். பதினான்காம் கட்டடம் ஏதோ குளறுபடியால் தொழிற்சாலையின் சொத்தாகவே நின்று, தொழிற்சாலையோடு விற்கப்பட்டு, வாங்கியவனிடமிருந்து இன்னொருவன் வாங்கி, அவனிடமிருந்து முகம் தெரியாத ஒரு கம்பெனி வாங்கி, உள்ளே இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்காமலே கை மாறிக்கொண்டிருந்தது. கட்டடத்துக்கும் அப்பால், சோளம் விளைந்த இடத்தில், புல்வெளியும் நாயும் வைத்த புதுப் பணக்காரர்களின் வீடுகள் வந்துவிட்டன. நேற்றுவரை ஊருக்கு வெளியே கிடந்தது, இன்றைக்கு வழியை மறித்துக்கொண்டு நிற்பதாகிவிட்டது.

இதைத்தான் நிறைமதி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சோஷலிசம் போன பிறகு ஐரோப்பிய நகரங்களின் ஓரங்கள் என்ன ஆயின என்பது அவள் தலைப்பு. ஓரங்களில் வாழ்கிறவர்கள் என்ன ஆனார்கள் என்பது தலைப்பில் இல்லை.

கட்டடத்துக்காரர்கள் அவள் பெயரை பாஸ்போர்ட்டில் பார்த்து, நீளத்துக்கு அஞ்சி, வாலை மட்டும் எடுத்துக்கொண்டு 'மாத்தி' என்று கூப்பிட்டார்கள். அவர்களுடைய பழைய வழக்கில் மாத்தி என்றால் தாய். "இத்தனூண்டு தாயா!" என்று சிரித்தார்கள். தன் ஊரில் மாத்தி என்றால் இடம் மாற்றி வைத்தது என்று அவள் சொல்லவில்லை. எதையுமே அவள் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்து நன்னடத்தைச் சான்றிதழ் முதல் பல்கலைக்கழகப் பரிந்துரைவரை எல்லாவற்றிலும் 'அமைதியான பெண்' என்றே எழுதியிருந்தார்கள். அதைப் படித்தவர்கள் எல்லோரும் அதைப் பாராட்டு என்றே நினைத்தார்கள்.

அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு அடுப்புப் போட்டுக் குளிர்காய்வதில்லை. நகரத்துக் கொதிகலனிலிருந்து வெள்ளித்தாள் சுற்றிய பெரிய குழாய்கள் தரைக்கு மேலேயே பாம்புபோல ஓடிவந்து, ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் வெந்நீரை அனுப்பும். நவம்பர் தொடக்கத்தில் கம்பெனியின் ஆட்கள் வந்து பதினான்காம் கட்டடத்துக் குழாயை அறுத்து மூடிவிட்டுப் போனார்கள். வாசலில் ஒட்டிய அறிவிப்பை, தொழிற்சாலை உலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஏழாம் மாடி பொஹுமில் உரக்கப் படித்தார்: பழுதுபார்க்கும் பணி. பழுதுபார்க்க ஒருவரும் வரவில்லை.

"சட்டம் தெரியுமா உங்களுக்கு?" என்றார் பொஹுமில். "குளிர்காலத்துல வீட்டுக்குள்ள பதினெட்டு டிகிரிக்குக் கீழ போச்சுன்னா அது வீடே இல்லன்னு எழுதிருவாங்க. எழுதிட்டா நம்மள மூட்டை கட்டி, சுரங்கத்துப் பக்கம் இருக்கிற பழைய விடுதியில கொண்டுபோய்க் கொட்டிரலாம். வெளியே போன்னு சொல்ல வேண்டாம் பாரு. விறைச்சுப் போகவிட்டா போதும்."

"அறிவிப்பு எழுதின கை விறைக்கட்டும்," என்றார் ஸ்லாவ்கா. அவர் வாழ்நாள் முழுக்க டிராம் ஓட்டியவர். மணியடித்து மணியடித்துக் குரலும் மணிபோலவே ஆகியிருந்தது. "டிக்கெட் இல்லாம ஏறினவனைக்கூட நான் குளிர்ல இறக்கிவிட்டதில்லடா, பாவிகளா!"

அந்தக் கட்டடத்துப் படிக்கட்டில் ஒரு மாடியில் தும்மினால் பத்து மாடியிலிருந்தும் "நூறு வயசு" என்று பதில் வரும். ஸ்லாவ்காவின் சாபம் மேலேயும் கீழேயும் ஓடியது, கதவு கதவாகத் திறந்தது, ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். முதல் பனி விழுந்த காலையில் ஊர்க் கூரைகள் எல்லாம் வெளுத்திருக்க, பதினான்காம் கட்டடத்துக் கூரையில் மட்டும் ஒரு துளி தங்கவில்லை. உள்ளே கான்கிரீட் சுவர்கள், கன்று ஈன்ற பசுவின் வயிற்றைப்போல வெதுவெதுவென்றிருந்தன.

யாரும் அதிசயப்படவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஒரே வீட்டில் உட்கார்ந்தபடி தேசத்தின் பெயர், கொடி, தெருவின் பெயர் எல்லாம் மாறுவதைப் பார்த்தவர்கள்; சுவர் சூடாவது அவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஐந்தாம் மாடி லுட்மிலா, அதுவும் தன் வீடு மட்டும் குளிர்ந்து கிடந்ததை வைத்து. "நான் என் புருஷனை மன்னிச்சுத் தொலைச்சேன், கம்பெனிக்காரனையும் சேர்த்து மன்னிச்சேன், அதான் விறைக்கிறேன்," என்று போர்வையோடு படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பதினான்காம் கட்டடம் கோபத்தில் எரிந்தது.

எந்தச் சூட்டையும் வீணாக்காத மக்கள் அவர்கள். காலையில் படிக்கட்டு நடுவே நின்று பொஹுமில் செய்தித்தாளை உரக்கப் படிப்பது வழக்கமாயிற்று, மந்திரிகளின் பேச்சு வரும் நாளில் குழாயில் வெந்நீரே வந்தது. பொஹுமில் வீட்டுச் சுவரோரம் மாவைப் பிசைந்து வைத்தால் பொங்கி வழிந்தது, ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கு அவர் வாசலில் வரிசை நின்றது. புதிதாகக் கல்யாணமான ஒன்பதாம் மாடிப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் கோபப்படத் தெரியாமல் நடுங்க, அக்கம்பக்கத்துப் பெண்கள் போய் மாமியார் கதைகளைச் சொல்லி வீட்டைச் சூடாக்கிவிட்டு வந்தார்கள். உள்ளூர் கால்பந்து அணி தோற்ற வாரம் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கினார்கள். பகையை மறக்கச் சொல்லிப் பிரசங்கம் செய்ய வந்த பாதிரியார் பேசப் பேச இரண்டு மாடிக் கண்ணாடிகளில் பனி பூக்க, அவருக்குச் சூப் கொடுத்து, மன்னிப்பைப் பற்றி மே மாதத்தில் பேசலாம் என்று வழியனுப்பி வைத்தார்கள். லுட்மிலாவும் யோசித்துப் பார்த்து, புருஷனைத் தவிர மற்றவர்களுக்குக் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பூனைகள் மட்டும் வேறு கணக்கு வைத்திருந்தன. கட்டடத்துப் பூனைகள் அத்தனையும் பொஹுமில் வீட்டை விட்டுவிட்டு, நான்காம் மாடியில், ஸ்லாவ்கா வீட்டுக்குள் நிறைமதி வாடகைக்கு இருந்த அறையின் வாசலில் வந்து, ஒன்றன்மேல் ஒன்று வாலைப் போட்டுக்கொண்டு கிடந்தன. பால் வைக்கிறாள் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். பால் வைப்பதால்தான் என்று அவளும் நினைத்தாள்.

சுவர்கள் சூடாவதை அவள் பேராசிரியரிடம் சொன்னாள். பேராசிரியர் இரேனா எதற்கும் குரலை உயர்த்தாதவர்; அவர் எதிரில் உட்கார்ந்தால் நாற்காலியே மன்னிப்புக் கேட்கும். "அருமை," என்றார். "விளிம்புப் பகுதிகளின் உணர்வுசார் நுண்வெப்பம். அறை அறையாக அளந்து ஒரு வரைபடம் செய், மதி." குழாயை அறுத்தவர்கள் யாரென்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, அந்தக் கம்பெனி ஆய்வுத் திட்டத்தில் பங்காளி.

நிறைமதி வெப்பமானியோடு வீடு வீடாகப் போனாள். சுவரைத் தொட்டு அளக்கிற பெண்ணுக்கு எல்லோரும் தேநீர் கொடுத்து, தங்கள் கோபத்தைச் சொன்னார்கள். வெளிர்மஞ்சளில் தொடங்கிக் கருஞ்சிவப்பில் முடியும் அழகான வரைபடம் உருவாயிற்று. ஸ்லாவ்கா அதை மேஜைமேல் விரித்துப் பார்த்து, விரலால் தன் வீட்டைத் தேடினார். சமையலறை இருந்தது. கூடம் இருந்தது. கூடத்தை ஒட்டி ஒரு சின்ன வெள்ளைச் சதுரம்.

"இது உன் அறைதானே? கலர் எங்கே?"

"நான் ஆய்வாளர், தெத்தா. ஆய்வு பண்றவங்க வரைபடத்துக்குள்ள வரக்கூடாது. என் அறை கணக்குல வராது."

"கணக்குல வராதா? வாடகை கணக்குல வருதே!" என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய், பூனைகளைத் தாண்டி, அவள் அறைச் சுவரில் கை வைத்த ஸ்லாவ்கா, ஒரு கெட்ட வார்த்தையோடு கையை உதறினார். உள்ளங்கை சிவந்திருந்தது. குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"யார் மேலடி உனக்கு இவ்வளவு கோபம்?"

"எனக்கு யார் மேலயும் கோபமில்ல தெத்தா."

அவள் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அறைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் ஓரம் பழுப்பாகிச் சுருண்டது.

"பொஹுமில் கத்துறான், அவன் சூடு பத்து மாடிக்கும் போகுது," என்றார் ஸ்லாவ்கா. "நீ மூடி போட்ட பானை. உன் சூடு உன்னையே வேகவைக்கும், ஒருத்தருக்கும் ஒரு டம்ளர் வெந்நீர் ஆகாது."

அவள் பிறந்தது சென்னையில், ஆற்றோரமாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பில். அந்த நிலம் யாருடைய வரிக்கணக்கிலும் வராது. கணக்குக்குப் புறம்பே போனதால் அதற்குப் புறம்போக்கு என்று பெயர்; நிலத்துக்கு வைத்த பெயர் போகப் போக அதில் வாழும் மனிதர்களைத் திட்டும் வசவாகிவிட்டது. அவள் ஒன்பதாவது படிக்கும்போது, கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு பெண் வந்து, தேன் தடவிய குரலில், "புது வீட்டுல உங்களுக்கு என்னென்ன வேணும்? மனசு விட்டுச் சொல்லுங்கம்மா," என்று கேட்டாள். வாழ்க்கையில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டிராத அம்மா, வெட்கப்பட்டு, வாசலில் ஒரு முருங்கை வைக்க இடமிருந்தால் போதும் என்றாள். அந்தப் பெண் ஒரு பச்சைப் பொட்டைக் கொடுத்து அட்டையில் ஒட்டச் சொன்னாள். அம்மா நெற்றியில் பொட்டு வைப்பதுபோல அவ்வளவு கவனமாக ஒட்டினாள். பரீட்சைக்கு முந்தின வாரம் லாரி வந்தது. உலை கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கம்வரை ஷூக்காலோடு வந்து நின்றார்கள். "ஷூவக் கயட்டிட்டு வாங்க சார், சாமி படம் இருக்குது," என்றாள் அம்மா. "ஏறுடி பொறம்போக்கு," என்றான் ஒருவன், மற்றவர்கள் சிரித்தார்கள். முருங்கைக்குக் கேட்ட இடம் ஊரைத் தாண்டி, எட்டாம் மாடியில் கிடைத்தது. அன்று நிறைமதி அழவில்லை. லாரியில் சட்டி பானைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அடுத்த வாரப் பரீட்சைக்குப் புவியியல் படித்தாள்.

கம்பெனிக்குச் சண்டை போடத் தெரியாமலில்லை, அதைவிட நல்லதும் தெரிந்திருந்தது. சுவர் சூட்டைப் பற்றிய வரைபடம் பேராசிரியர் கைக்குப் போய், அங்கிருந்து எங்கெல்லாமோ போனது. ஜனவரி பிறந்ததும் கம்பெனி அனுப்பி ஃபிலிப் என்ற இளைஞன் வந்தான். கட்டடத்துக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த குழந்தைகள் பள்ளியைத் திறந்து, பெருக்கி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காப்பியும் பிளம் கேக்கும் வைத்து, 'நம் பகுதி, நம் குரல்' என்று எழுதி மாட்டினான். பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் கலந்துரையாடல் அது. "மக்கள் உன்னை நம்புகிறார்கள், மதி. நீ கூட இருந்தால் நன்றாக இருக்கும்," என்றார் பேராசிரியர், அவள் தோளில் கை வைத்து. அவளுக்குக் கொடுத்த வேலை எளிது. வட்ட வட்டமான ஒட்டுப் பொட்டுகளை ஆளுக்குக் கொஞ்சம் கிழித்துக் கொடுக்க வேண்டும். பச்சைப் பொட்டுகள்.

"உங்களுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டான் ஃபிலிப். "மனசு விட்டுச் சொல்லுங்க."

வேறு மொழி, வேறு கண்டம், அதே தேன்.

பொஹுமில் முதல் நாள் முறைத்துக்கொண்டு நின்றார். இரண்டாம் முறை கேக் தின்றார். மூன்றாம் முறை, சதுரங்கம் ஆட மரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தால் தேவலை என்றார்; ஃபிலிப் அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய், வரைபடத்தில் மரத்தடியைக் காட்டி, பச்சைப் பொட்டை ஒட்டவைத்தான். டிராம் நிறுத்தத்துக்குக் கூரை கேட்டார் ஸ்லாவ்கா, அதற்கும் ஒரு பொட்டு. லுட்மிலா கேட்ட லில்லிப் பாத்திக்கு இரண்டு. எதற்கும் இல்லை என்று சொல்லாத ஒருவன்மேல் எத்தனை நாள்தான் கோபமாக இருக்க முடியும்? கோபத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒரு பெட்டியில் போடச் சொன்னான், போட்டார்கள். கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னான், விட்டார்கள். காலைச் செய்தித்தாளை யாரும் உரக்கப் படிக்கவில்லை. பொஹுமில் வீட்டு மாவு பொங்காமல் கல்லாய்க் கிடந்தது. மொட்டைமாடியில் முதல்முறையாகப் பனி தங்கியது, ஜன்னல்களின் உள்பக்கம் வெள்ளைப் பூ விரிந்தது, எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் மிக மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

"தெத்தா, அவங்க உங்களை..." என்று ஒரு நாள் நிறைமதி ஆரம்பித்தாள்.

"என்ன மாத்தி?"

லிஃப்டில் கேட்ட வாக்கியம் தொண்டைவரை வந்தது. அவளுடைய விசா, உதவித்தொகை, எட்டாம் மாடியில் முழங்கால் தேய்ந்துகொண்டிருக்கும் அம்மாவின் மருந்து, எல்லாம் பேராசிரியரின் ஒரே ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணுமில்ல தெத்தா."

வீடுகளுக்குள் எத்தனை டிகிரி இருக்கிறது என்று அளந்து எழுத, நகரசபையின் ஆய்வுக்குழு பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. குழுத்தலைவர், கையில் வெப்பமானியோடு ஒரு அதிகாரி, ஃபிலிப், பேராசிரியர் இரேனா, அப்புறம் வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிய மனிதர். கம்பெனியின் நகர வடிவமைப்பாளர் என்று அவரை அறிமுகம் செய்தார்கள். அந்த நாட்டிலும் வீட்டுக்குள் செருப்புக்காலோடு போவதில்லை. வாசலிலேயே கழற்றிவைத்து, வீட்டுக்காரர்கள் கொடுக்கும் துணிச்செருப்பைப் போட்டுக்கொள்வார்கள். வந்தவர்கள் பனிச்சேறு ஒட்டிய பூட்ஸோடு வீடு வீடாக நடந்தார்கள். ஸ்லாவ்கா தரையைப் பார்த்தார், பழைய ஸ்லாவ்காவாக இருந்தால் டிராம் மணிபோலக் கத்தியிருப்பார். "பரவாயில்ல, அப்புறம் துடைச்சுக்கலாம்," என்றார்.

"பதினொன்று," என்றார் அதிகாரி. "பன்னிரண்டு." "பதினொன்று."

பொஹுமிலுக்கு மெல்ல விளங்கியது. "அட நாசமாப் போறவங்களா!" என்று நடுக்கூடத்தில் நின்று கத்திப் பார்த்தார். வாயிலிருந்து வெறும் வெண்புகைதான் வந்தது.

"உங்க பெஞ்சு வரைபடத்துல பத்திரமா இருக்கு ஐயா," என்றான் ஃபிலிப் சிரித்தபடி.

"நன்றி தம்பி," என்று சொல்லிவிட்டார் பொஹுமில். சொல்லிவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

ஸ்லாவ்காவின் கூடத்தில் பத்துதான் காட்டியது. அவர்களுக்குப் பின்னாலேயே கீழ்மாடிக்காரர்களும் மேல்மாடிக்காரர்களும் வந்து படிக்கட்டில் நிறைந்திருந்தார்கள். வெளியே போகத் திரும்பிய அதிகாரியின் கையில் வெப்பமானி திடீரென்று ஏறத் தொடங்கியது. பூனைகள் கிடந்த கதவுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். பதினெட்டு. இருபத்திரண்டு. கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"எழுதுங்க!" என்றார் ஸ்லாவ்கா. "இதுவும் இந்தக் கட்டடத்துல ஒரு அறைதான், எழுதுங்க!"

குழுத்தலைவர் பேனாவை எடுத்தார்.

"அது எங்கள் ஆய்வு மாணவி தங்கும் அறை," என்றார் பேராசிரியர், குரலை உயர்த்தாமல். "வந்து போகிறவள். அவளே செய்த வரைபடத்தைப் பாருங்கள், அந்த இடத்தை வெறுமையாகத்தான் விட்டிருக்கிறாள். அது கணக்கில் வராது." நிறைமதியைப் பார்த்துப் புன்னகை செய்தார். "இல்லையா, மதி?"

"கணக்கில் வராது," என்று குழுத்தலைவரும் சொல்லிக்கொண்டு பேனாவை மூடினார்.

அந்தச் சொல்லை நிறைமதி வேறொரு மொழியில், லாரிச் சத்தத்துக்கு நடுவே, முன்பே கேட்டிருந்தாள். கால்கள் தானாக நடந்தன. பேராசிரியரைத் தாண்டி, வடிவமைப்பாளரைத் தாண்டி, படிக்கட்டின் கைப்பிடிக்குப் பக்கத்தில், மேலேயும் கீழேயும் முகங்கள் தெரிகிற இடத்தில் போய் நின்றாள்.

"அங்கே யாருமே இல்லை," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

"என்ன சொல்ற மாத்தி?" என்றார் ஸ்லாவ்கா. "சத்தமாச் சொல்லு."

"அக்டோபர் மாசம், பல்கலைக்கழகத்து லிஃப்டுல, இதோ இவர் சொன்னார்." அவள் விரல் வரைபடச் சுருளைக் காட்டியது. "பதினான்காம் கட்டடத்தைப் பத்திச் சொன்னார். அங்கே யாருமே இல்லை. நாலு கிழவிகளும் பூனைகளும்தான். அப்படிச் சொன்னார். இவங்க சிரிச்சாங்க." விரல் பேராசிரியர் பக்கம் திரும்பியது. "பெஞ்சுக்கும் பூவுக்கும் பொட்டு ஒட்டச் சொன்னதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். முதல்லயே யாருமில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. யாருமே இல்லாத இடத்துல யாருக்கு பெஞ்சு?"

"மதி," என்றார் பேராசிரியர். "இது அதற்கான இடமில்லை. நாம் திங்கட்கிழமை பேசலாம்."

"திங்கட்கிழமை வேணாம்!" என்று கத்தினாள் நிறைமதி. அவள் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தை யாரும் கேட்டதில்லை. "என் அறையும் கணக்குல வரும்! எங்க அம்மா முருங்கை கேட்டா! நான் கேட்டேன், என் ரெண்டு காதால கேட்டேன், நீங்க சிரிச்சீங்க!"

முருங்கை என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் தெரிந்துவிட்டது. சொன்னது படிக்கட்டில் இறங்கியது, ஏறியது.

"என்னவாம்?" என்றது இரண்டாம் மாடி.

"நாம யாருமே இல்லையாம்."

"நாலு கிழவியாம்!"

"யாருடி அந்த நாலு? பேரைச் சொல்லச் சொல்லு!"

"அப்புறம் பூனையாம்."

"அப்போ நான் எதுல சேர்த்தி?" என்றார் பொஹுமில், ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டே. "கிழவியா, பூனையா?" யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. "உலையில நின்னு ஒரு காது செவிடாப் போனவன்டா நான். கேக் குடுத்தா என் வாயை அடைச்சே? நான் உனக்கு நன்றி சொன்னேனே, என் வாயால நன்றி சொன்னேனே!"

ஜன்னல் கண்ணாடிகளிலிருந்து பனிப்பூக்கள் சரசரவென்று உரிந்து விழுந்தன. மொட்டைமாடிப் பனி உருகி, எல்லாப் பக்கச் சுவர்களிலும் மழைபோல வழிந்தது. லுட்மிலா தன் புருஷனுக்குக் கொடுத்த மன்னிப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒன்பதாம் மாடிப் பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒன்றுசேர்ந்து கத்தினார்கள். நிறைமதியின் அறைக் கதவு தானே திறந்துகொண்டது, உள்ளிருந்து இத்தனை வருஷத்துச் சூடு கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் பாய, பூனைகள் சோம்பல் முறித்து எழுந்து ஆளுக்கொரு மாடிக்குப் போயின. வெப்பமானியில் எண் ஏறிக்கொண்டேயிருந்தது, அதிகாரி அதைப் படிப்பதை நிறுத்திவிட்டார். குழுத்தலைவர் கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினார், கோட்டைக் கழற்றினார், அதை மாட்ட இடம் தேடினார். ஃபிலிப் பையிலிருந்த பச்சைப் பொட்டுகள் பசை இளகிக் கொட்டின. துணிச்செருப்போடு நின்ற கட்டடத்துக்காரர்களுக்குத் தரை, வெயிலில் காய்ந்த முற்றம்போல இதமாகத்தான் இருந்தது. வந்தவர்களின் பூட்ஸ் ரப்பர் மட்டும் இளகி, தரையோடு ஒட்டி, ஒரு அடி எடுத்துவைக்கவிடாமல் பிடித்துக்கொண்டது.

ஸ்லாவ்கா வாசல் அலமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த துணிச்செருப்புகளை எடுத்துத் தரையில் வரிசையாகப் போட்டார்.

"இது வீடு," என்றார். "கழட்டுங்க."

முதலில் குழுத்தலைவர் குனிந்தார். பிறகு அதிகாரி, பிறகு ஃபிலிப், பிறகு சுருளைக் கீழே போட்டுவிட்டு வடிவமைப்பாளர். நிறைமதி படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். கடைசியாகப் பேராசிரியர் இரேனா, பிடித்துக்கொள்ள, கொதிக்கும் சுவரைத் தொட முடியாமல், ஒற்றைக் காலில் தள்ளாடித் தள்ளாடி, ஒவ்வொரு கயிறாக அவிழ்த்து, பூட்ஸைக் கழற்றினார்.